வின்ரார் தானாக அப்டேட் ஆகாது
உங்கள் விண்டோஸ் கணினியில் வின்ரார் (கோப்புகளைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் மென்பொருள்) இருந்தால், அதன் ஹெல்ப் மெனுவில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 7.13-க்கு முந்தையது என்றால் இன்றே மாற்றிவிடுங்கள். பழைய பதிப்புகளில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை 2025 ஜூலையில்தான் அடைத்தார்கள். அதற்குள் தாக்குதல்காரர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். வேலை விண்ணப்பம் போல மின்னஞ்சலில் ஒரு ரார் கோப்பு (சுருக்கப்பட்ட கோப்பு) வரும். பிரித்தால் கண்ணுக்குத் தெரிவது சாதாரண ஆவணம்தான். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குள் இன்னொரு கோப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை லாகின் செய்ததும் அது இயங்க ஆரம்பித்துவிடும்.

பிரவுசர் மாதிரி வின்ரார் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதில்லை, அதுதான் என் பெரிய கவலை. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நீங்களேதான் இறக்கி நிறுவ வேண்டும். அப்புறம், அதிகம் தேவைப்படவில்லை என்றால் நீக்கிவிடலாம். விண்டோஸ் 11 இப்போது ரார் கோப்புகளைத் தானே பிரிக்கும்.