இரைச்சலுக்கு அடியில் இருக்கும் மெட்டு: நாய்ஸ் பாப் கேட்கத் தொடங்குவது எப்படி?

இனிய பாப் மெட்டைக் கிட்டார் இரைச்சலால் மூடும் இசைதான் நாய்ஸ் பாப். அதில் பலரும் முதலில் போடுவது தி ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழுவின் ‘சைக்கோகேண்டி’. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடைச் சேர்ந்த ஜிம் ரீட், வில்லியம் ரீட் சகோதரர்கள் 1985-இல் கொண்டுவந்த முதல் ஆல்பம். சரியான தேர்வுதான். ஆனால் 14 பாட்டையும் வரிசையாகப் போட்டால் மூன்றாவது பாட்டிலேயே பலர் நிறுத்திவிடுவார்கள். பாட்டுகள் மீது குறையில்லை, கேட்கிற வரிசையை மாற்றினால் போதும்.

முதலில் சாதனம். போனின் சொந்த ஸ்பீக்கர் வேண்டாம். அதில் அடிநாதம் வராது, கீச்சொலி மட்டும் முன்னால் வந்து நிற்கும். சாதாரண வயர் இயர்போன் போதும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் டேட்டா சேவரை அணைத்து, தரத்தை 256 அல்லது 320 கேபிபிஎஸ்-இல் வையுங்கள். இது மற்ற இசையைவிட இங்கே முக்கியம். ஒழுங்கில்லாத ஓசையைச் சுருக்குவது கடினம் என்பதால், குறைந்த தரத்தில் கிட்டார் இரைச்சல் தண்ணீருக்குள் கேட்பதுபோல் குழைந்துவிடும்.

ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட்டைத் தொடாதீர்கள். குழுவின் டக்ளஸ் ஹார்ட் பேஸ் கிட்டாரில் இரண்டே கம்பிகள் வைத்து வாசித்தார். டிரம்மர் பாபி கில்லெஸ்பி நின்றபடி இரண்டே டிரம்களை அடித்தார். தூக்கிவிட அங்கே பெரிதாக அடிநாதம் இல்லை, குரல்தான் கலங்கும். காது கூசினால் 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பட்டையை 3 டெசிபல் இறக்குங்கள்.

இனி வரிசை. ரோனெட்ஸ் குழுவின் ‘பி மை பேபி’ (1963) பாட்டின் முதல் பத்து விநாடியைக் கேளுங்கள். டும்... ட-டும்... டக். ஹால் பிளெய்ன் டிரம்மில் அடித்த அந்தத் தாளம்தான் ‘சைக்கோகேண்டி’யின் முதல் பாட்டான ‘ஜஸ்ட் லைக் ஹனி’யின் தொடக்கத்தில் அப்படியே வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் போங்கள். கிட்டார் சரசரவென்று மூடினாலும் தாளம் கையை விடாது. ஜிம் ரீடின் குரலும் கத்தாது, காதருகே சோம்பலாகப் பாடும். முடிந்ததும் நிறுத்தி, மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள். வரவில்லையா? அதே பாட்டை இன்னொரு முறை. சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, மெட்டோடு இரைச்சலும் சேர்ந்தே ஏறும்.

அடுத்து ‘கட் டெட்’. ஆல்பத்திலேயே அமைதியான பாட்டு. மற்ற பாட்டுகளின் எலும்புக்கூடு எப்படி இருக்கும் என்று இங்கே தெளிவாகத் தெரியும். பிறகுதான் ‘நெவர் அண்டர்ஸ்டாண்ட்’. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் வீலென்று கத்துமே, அதே ஃபீட்பேக்தான் இதில் பாட்டு முழுக்க ஓடுகிறது. ஆம்ப்ளிஃபையரின் ஒலி கிட்டாரின் பிக்கப்புக்கே (கம்பியின் அதிர்வை வாங்கும் பகுதி) திரும்பிப்போய்ச் சுற்றுகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் அதை இன்னும் கிழிக்கிறது. அதைத் துரத்தாமல் குரலை மட்டும் தொடருங்கள். அடியில் இருப்பது அறுபதுகளின் எளிய காதல் பாட்டு. அது பிடிபட்டபின் இரைச்சலே இனிக்கத் தொடங்கும். இந்த ஆல்பத்தின் உண்மையான சந்தோஷம் அதுதான். ‘இன் எ ஹோல்’ போன்றவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வார வரம்பு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபலில் 4 மணி நேரம்தான். இரைச்சல் பழகப் பழகக் கை தானாகவே வால்யூமைக் கூட்டும். காதில் ரீங்காரம் கேட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

மெட்டுதான் பிடித்தது என்றால் அதே குழுவின் ‘டார்க்லேண்ட்ஸ்’ (1987) கேளுங்கள், அதில் இரைச்சலைப் பெரிதும் கழற்றிவிட்டார்கள். இரைச்சல் பிடித்தவர்களுக்கு மை பிளடி வேலண்டைன் குழுவின் ‘இஸின்ட் எனிதிங்’ (1988). இரண்டும் சம அளவில் வேண்டும் என்றால் அமெரிக்காவின் ஸ்லம்பர்லேண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் பட்டியலைத் துழாவுங்கள்: முதலில் பிளாக் டாம்பரின் குழு, அப்புறம் தி பெய்ன்ஸ் ஆஃப் பீயிங் பியூர் அட் ஹார்ட் குழுவின் 2009 ஆல்பம்.