காரைக்குடிப் பக்கம் வாடகைக்கு விட வீடு வாங்கப் போகிறீர்களா?

வாடகை வருமானத்துக்குச் செட்டிநாட்டில் வீடு வாங்கலாமா என்று கேட்கிறவர்களில் பலர் மனதில் இருப்பது, கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பார்த்த பெரிய வீடுதான். முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு, பர்மா தேக்குத் தூண் எல்லாம் பார்க்க அழகு. ஆனால் மாத வாடகைக்கு விட அதை நினைக்காதீர்கள். மழைக்கு முன் ஓடு மாற்றுகிற செலவே வாடகையைத் தின்றுவிடும். ஷூட்டிங்குக்கு விடலாமே என்பார்கள், வந்தால் வந்தது, அவ்வளவுதான்.

1. முதலில் கணக்கு

40 லட்சத்துக்கு ஒரு வீடு, மாத வாடகை 11,000 என்று வையுங்கள். வருடத்தில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 1,21,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று 21,000 போனால் மிச்சம் ஒரு லட்சம், அதாவது இரண்டரை சதவீதம். வாடகையிலேயே இஎம்ஐ கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

2. இடம்

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) சுற்றுவட்டாரத்தில் சின்ன வீடு. என் ஓட்டு அதற்குத்தான்.

3. பத்திரம் (இங்கேதான் எல்லோரும் மாட்டுவது)

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். வில்லங்கத்தில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும். நம் பக்கம் பங்காளிகள் உட்கார்ந்து கூர்ச்சீட்டு (பாகப்பிரிவினைச் சீட்டு) எழுதிப் பிரித்துக்கொண்டு பதியாமல் விட்டிருப்பார்கள், அது அதில் தெரியாது. தாத்தா பெயரில் பட்டா, அனுபவிப்பது பேரன், இன்னொரு பங்குக்காரர் மலேசியாவில் என்று இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை வாரிசுகளை ஒரு தாளில் கிளை கிளையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கையெழுத்து எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். ஒரு இடம் காலியாக இருந்தாலும் வக்கீலிடம் போங்கள். வெளிநாட்டுப் பங்காளி பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தால், அதற்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றிருக்க வேண்டும், அந்தப் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்ட வேண்டும்.

4. ஒப்பந்தம்

11 மாதம் என்று முத்திரைத் தாளில் எழுதி பீரோவில் வைத்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். தகராறு வந்தால் உங்களுக்குக் கைகொடுப்பது அந்தப் பதிவு எண்தான். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. பத்து மாதம் கேட்கிற பழக்கத்தை விடுங்கள், நல்ல குடித்தனக்காரர் ஓடிவிடுவார்.

5. நடத்துவது

சாவி கொடுக்கும் அன்று குழாய், சுவிட்ச், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் குடித்தனக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். மீட்டர் ரீடிங்கும் அதில் தெரியட்டும். வாடகை வங்கிக் கணக்குக்குத்தான், ரொக்கம் வேண்டாம். வாடகைக் கணக்குக்கென்று வரும் ஆப்கள் எனக்கு ஒத்துவரவில்லை, ஒரு எக்செல் ஷீட் போதும். மாடியும் கீழும் தனித்தனியாக விடுவதானால் தனி மின் இணைப்பு வாங்குங்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் யூனிட் ஏறி மேல் ஸ்லாபுக்கு (கூடுதல் கட்டணப் படிக்கு) போகும், இலவச யூனிட்டும் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், பில் வருகிற மாதமெல்லாம் மாடிக்கும் கீழுக்கும் சண்டை.

பின்சேர்க்கை

சிங்கப்பூரிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார், அதனால் இது. வீட்டுக்காரர் என்ஆர்ஐ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்) என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருப்பவர்தான் டிடிஎஸ் (வாடகையிலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும், பொதுவாக 31.2 சதவீதம். வருமான வரி ரிட்டர்ன் போட்டால் கூடுதலாகப் பிடித்தது திரும்பக் கிடைக்கும். பணம் என்ஆர்ஓ கணக்கில் (என்ஆர்ஐகள் இந்திய வருமானத்துக்கு வைக்கும் வங்கிக் கணக்கு) வரட்டும். இதைக் குடிவந்த பிறகு சொன்னால் குடித்தனக்காரர் மிரண்டுபோவார். அட்வான்ஸ் வாங்கும் முன்பே பேசி, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.