லேசரால் எக்ஸ்-கதிர் உண்டாக்கிப் படமெடுக்கும் முறை

1979-இல் இயற்பியலாளர்கள் தாஜிமாவும் டாசனும் முன்வைத்த கருத்தே இதற்கு அடிப்படை. செறிவான லேசர் துடிப்பு பிளாஸ்மாவில் (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த வாயுவில்) எழுப்பும் அலை, எலக்ட்ரான்களைச் சில மில்லிமீட்டர் தூரத்திலேயே பல கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கிவிடுகிறது. ஓடும்போது அவை பக்கவாட்டில் ஊசலாடுவதால் எக்ஸ்-கதிர் பிறக்கிறது.

வெற்றிட அறையிலிருந்து காற்றை வெளியேற்றியபின், லேசரின் ஆற்றலைக் குறைத்து வைத்து, குவியப் புள்ளியைக் கேமராவில் பாருங்கள். புள்ளி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் வால்போல் நீண்டிருந்தால், குவிக்கும் ஆடியின் சாய்வைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குச் செல்லவே கூடாது. இந்த இடத்தில் செலவிடும் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு நாள் அலைச்சலைத் தவிர்க்கும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சோதனைக்கூடத்தைப் பூட்டி, கதிர்த்தடுப்புச் சுவருக்கு வெளியே எல்லோரும் வந்துவிட்டதை உறுதிசெய்யுங்கள். பிறகு, லேசர் பிளாஸ்மாவாக மாற்றவிருக்கும் ஹீலியம் வாயுத் தாரையின் முன்விளிம்பில் குவியம் விழுமாறு அமைத்து, சுமார் 30 ஃபெம்டோநொடித் (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) துடிப்பை முழு ஆற்றலில் செலுத்தியபடி, வாயு அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். எலக்ட்ரான்களைக் காந்தத்தால் விலக்கி, எஞ்சிய லேசர் ஒளியை மெல்லிய அலுமினியத் தகட்டால் தடுக்க வேண்டும்.

கதிர் பிறக்கும் இடம் சில மைக்ரோமீட்டர் அளவே என்பதால், பொருளை அதற்கு அருகிலும் உணரியைத் தொலைவிலும் வைத்தால், கதிரை அரிதாகவே உறிஞ்சும் பூச்சி இறகின் நரம்புகள்கூடக் கூரிய விளிம்புடன் பதியும்.