லூர்து முடித்துவிட்டு மலைக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

கொழும்பிலிருந்து பாரிஸுக்குச் சொந்தங்களைப் பார்க்கப் போனால், ஒருநாள் கட்டாயம் லூர்துக்கு வான் பிடிப்பார்கள். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவர்களும் போவார்கள், கொச்சிக்கடை அந்தோனியாரைத் தவிர வேறு தேவாலயம் மிதிக்காத சைவக்காரரும் போவார்கள். கெபியில் கும்பிட்டு, போத்தலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் தெற்கே மலை தெரியும். பிரனீஸ். அதன் முதுகில்தான் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் எல்லை ஓடுகிறது. "வந்ததுதான் வந்தோம், அந்தப் பக்கமும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோமே" என்று வானுக்குள் யாராவது சொல்வார்கள். பிழை அந்த வசனத்தில்தான் தொடங்குகிறது.

நானும் அப்படிச் சொன்னவன்தான். அக்கா குடும்பத்தோடு போன அந்தப் பயணத்தில் விட்ட பிழைகளையும், அத்தான் தலையில் குட்டித் திருத்தியவற்றையும் இங்கே எழுதுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து அடுத்து யாராவது போனால் உதவும்.

ஒரு எட்டு என்பது எவ்வளவு தூரம்

பிரனீஸ் கடலிலிருந்து கடல்வரை ஏறக்குறைய 430 கிலோமீட்டர் நீளம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. அதைப் பார்த்துவிட்டு "ஒரு நாளில் ஓடிவிடலாம்" என்று நினைக்கிறோம். அந்த நீளம் காகம் பறக்கிற கணக்கு. மலைவீதி நெளிந்து நெளிந்து அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடும். முழு மலைத்தொடரையும் பார்க்க ஆசையென்றால் ஒரு கிழமை வேண்டும். இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறதென்றால் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். லூர்துக்கு நேர் தெற்கே உள்ள அந்தப் பகுதியே கண்ணுக்குப் போதும்.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. லூர்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் கவர்னி. அரைவட்டமாக நிற்கும் பாறைச் சுவர், அதில் 422 மீட்டர் உயர நீர்வீழ்ச்சி. அந்தச் சுவரின் மறுபக்கம் ஸ்பெயினின் ஓர்தேசா தேசியப் பூங்கா. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே உலக மரபுரிமைத் தலமாக 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் போட்டார்கள். ஆனால் சுவரைக் கடக்க வீதி இல்லை. நடக்கிறவர்கள் மேலே உள்ள பாறைப் பிளவால் ஏறிப் போவார்கள். கார்க்காரருக்கு வேறு பள்ளத்தாக்குக்கு இறங்கி, வேறு கணவாயோ சுரங்கமோ பிடித்துச் சுற்றிப் போக அரைநாள் வேண்டும். எல்லையைக் கடக்கிற கார்வீதிகள் நடுப்பகுதியில் மிகக் குறைவு: சோம்போர் சுரங்கம், பூர்தலே கணவாய், பியெல்சா சுரங்கம், அதற்குக் கிழக்கே ஆரான் பள்ளத்தாக்கு வழி. தங்குமிடத்தைப் பதிவு செய்ய முன்னர் எந்த வழியால் கடக்கப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். நாங்கள் மாறிச் செய்தோம். முதலிரவு போட்ட அறைக்கும் மறுநாள் வழிக்கும் சம்பந்தமே இருக்கவில்லை.

ஓர்தேசாவுக்குக் கோடைகால நெரிசல் நாட்களில் சொந்தக் காரோடு உள்ளே போகவும் விடமாட்டார்கள். தோர்லா கிராமத்தில் நிறுத்திவிட்டு அவர்களுடைய பஸ்ஸில்தான் ஏற வேண்டும்.

விசா ஸ்டிக்கரில் ஒரு சின்ன இலக்கம்

கொழும்புக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவர்கள் விடக்கூடிய மிகப் பெரிய பிழை இதுதான். பாரிஸ் சொந்தங்களுக்கு இது தோன்றவே தோன்றாது, ஏனென்றால் அவர்களிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் அல்லது வதிவிட அட்டை இருக்கும்.

பிரான்ஸும் ஸ்பெயினும் ஷெங்கன் நாடுகள். ஒரே விசாவில் இரண்டுக்கும் போகலாம். சிக்கல் இரண்டுக்கும் நடுவே மலைக்குள் உட்கார்ந்திருக்கும் அன்டோரா. "டியூட்டி ஃப்ரீ மாதிரி, சாமான் மலிவு, பெற்றோலும் மலிவு" என்று எல்லோரும் ஆசை காட்டுவார்கள். அன்டோரா ஷெங்கனுக்குள் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. அங்கே நுழைய அவர்கள் தனி விசா கேட்பதில்லை. ஆனால் நுழைந்த கணமே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். உங்கள் விசாவில் நுழைவு எண்ணிக்கை 1 என்று இருந்தால், திரும்பி பிரான்ஸுக்கோ ஸ்பெயினுக்கோ வர உரிமை இல்லை. அன்டோராவில் விமான நிலையமும் கிடையாது, வந்த இரண்டு நாடுகளில் ஒன்றால்தான் வெளியே வர முடியும்.

"எத்தனையோ பேர் போய் வருகிறார்கள், யாரும் மறிப்பதில்லை" என்பார்கள். அதுவும் உண்மைதான், பல நாட்களில் யாரும் மறிப்பதில்லை. மறிக்கிற ஒரு நாளில் காருக்குள் இருக்கும் ஆறு பேரில் நீங்கள் ஒருவர் மட்டும் இறங்க வேண்டிவரும். விசாவில் 'மல்ட்' என்ற எழுத்து, அதாவது பலமுறை நுழையலாம் என்ற குறி, இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நான் போகவில்லை. சொக்லேட் அக்கா வாங்கி வந்தாள்.

விண்ணப்பிக்கும்போதே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். பாரிஸ் சொந்தங்களின் அழைப்புக் கடிதத்தோடு பிரான்ஸிடம் விசா எடுத்துவிட்டு, பயணத்தில் பாதிக்கு மேல் ஸ்பெயினில் அறை போடுவது கேள்வியை வரவழைக்கிற வேலை. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள். அந்தத் தாளை விசா கிடைத்ததும் வீட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பாஸ்போர்ட்டையும் ஹோட்டல் அறையில் வைக்காதீர்கள். ஷெங்கன் எல்லை திறந்த எல்லை என்றாலும், பிரான்ஸ் பக்கம் திரும்பும்போது பொலிஸ் வாகனங்களை நிறுத்திப் பார்ப்பது உண்டு.

அன்டோராவில் கைத்தொலைபேசியைப் பற்றியும் ஒரு சொல். பிரான்ஸ் சிம்மில் ஸ்பெயினுக்குப் போனால் ரோமிங் காசு இல்லை, அன்டோராவுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. எல்லையில் டேட்டாவை நிறுத்திவிடுங்கள், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

ஸ்டியரிங் இடதுபக்கம்

நீங்களும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கொழும்பிலேயே ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் செல்லும். அது தனியே ஒன்றுக்கும் உதவாது, இலங்கை லைசன்ஸும் கையில் இருக்க வேண்டும். சொந்தக்காரரின் காரை ஓட்டுவதென்றால் அவர் காப்புறுதியில் உங்களுக்கு இடமுண்டா என்று முதலில் கேளுங்கள்.

வாடகைக் கார் என்றால் நான் பட்டதைச் சொல்கிறேன். கவுண்டரில் என் டெபிட் கார்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்கள். வைப்புப் பணத்துக்குச் சாரதியின் பெயரிலேயே கிரெடிட் கார்ட் வேண்டும் என்பது ஒன்லைனில் பொடி எழுத்தில் இருந்ததாம். ஸ்பெயினுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்றும் அங்கேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். பிறகு கார் வந்தது: கியர் கார். கொழும்பில் பத்து வருடம் ஒட்டோமெட்டிக் கார் ஓட்டிய காலுக்கு கிளச் என்றால் என்னவென்று மறந்துபோயிருந்தது. ஐரோப்பாவில் நீங்கள் கேட்காவிட்டால் கியர் கார்தான் தருவார்கள். ஒட்டோ வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், காசு கொஞ்சம் கூடத்தான்.

வலதுபக்கம் ஓடுவது அரைமணியில் பழகிவிடும். பழகாதது வேறு. எங்கள் ஜப்பான் கார்களில் சிக்னல் வலது கையில், அங்கே இடது கையில். முதல் நாள் முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலில் வைப்பர் ஆடியது. அது சிரிப்புக்கு. சிரிக்க முடியாதது, காரின் அகலம். வலப்பக்க சீட்டில் இருந்து பழகியவருக்குக் காரின் உடம்பு இடப்பக்கம் நீண்டிருக்கும் என்ற கணக்கு மனதில் ஊறியிருக்கும். அங்கே அது வலப்பக்கம் நீளும். தெரியாமலே வலது ஓரத்துக்கு ஒதுங்குவீர்கள். ஓபிஸ்க் கணவாய்க்குப் போகிற வீதியில் அந்த வலது ஓரம் ஒரு பக்கம் பாறை, திரும்பி வரும்போது பாதாளம். முதல் நாளை மட்டமான வீதியில் ஓட்டுங்கள், மலைக்கு இரண்டாம் நாள் போங்கள்.

நுவரெலியா உயரம்தானே?

தூர்மலே கணவாய் 2,115 மீட்டர். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர். "அட, இவ்வளவுதானா" என்று நான் சொன்னேன். உயரத்தை மட்டும் பார்த்தால் சரிதான், ஆனால் நுவரெலியா பூமத்திய ரேகைக்குப் பக்கம். பிரனீஸில் அந்த உயரத்தில் மாதக்கணக்கில் பனி கிடக்கும். தூர்மலேயைக் குளிர்காலம் முழுவதும் மூடிவிடுவார்கள், பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூனில்தான் திறக்கும். ஈஸ்டர் விடுமுறையில் போய் அடிவாரத்தில் சிவப்புப் பலகையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. கணவாய் ஏறத் தொடங்கும் இடத்தில் பலகை இருக்கும்: பிரான்ஸில் 'உவேர்' என்றால் திறப்பு, 'ஃபெர்மே' என்றால் மூடல். கூகுள் சொல்வதைவிட அந்தப் பலகையை நம்புங்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பிரான்ஸின் மலைப்பகுதிகளில் குளிர்கால ரயர் அல்லது சங்கிலி சட்டப்படி வேண்டும், வாடகைக் காரில் அது தானாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கோடையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024 செப்டெம்பர் வெள்ளத்தில் சோம்போர் சுரங்கத்துக்குப் போகிற பிரெஞ்சுப் பக்க வீதி அடித்துச் செல்லப்பட்டு, மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

ஜூலையில் போனால் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் எந்த நாள் எந்தக் கணவாய் என்று பாருங்கள். அன்று வீதி பல மணி நேரத்துக்கு முன்பே மூடப்படும். ஆகஸ்ட் 15 மாதா திருநாள், லூர்தில் கால் வைக்க இடம் இருக்காது, அறை விலையும் ஏறியிருக்கும்.

ஏறுவது பயமென்று நினைத்தேன், இறக்கம்தான் பயம். தூர்மலேயிலிருந்து லூஸ் என்ற ஊர்ப் பக்கம் 19 கிலோமீட்டரில் 1,400 மீட்டர் இறக்கம். பாதி வழியில் பிரேக் மணக்கத் தொடங்கியது. "தம்பி, காலை எடு. கியரைக் குறை, எஞ்சின் பிடிக்கட்டும்" என்று அத்தான் பின்சீட்டிலிருந்து கத்தினார். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று ஹற்றன் லொறிக்காரர்கள் சொல்வார்களே, அதேதான். ஒட்டோ கார்க்காரர்கள் எல் அல்லது பி என்ற எழுத்துக்கு லீவரை இழுக்க வேண்டும். கொழும்பில் டொயோட்டா அக்வா ஓட்டுகிறவர்களில் அந்த பி எதற்கென்று தெரிந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒடுங்கிய இடத்தில் எதிரே வாகனம் வந்தால் இறங்குகிறவர்தான் முதலில் நிற்க வேண்டும், பிரெஞ்சுச் சட்டமும் அப்படித்தான். ஊருக்கு வெளியே சைக்கிள்காரரை முந்தும்போது இரு நாட்டிலும் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். வளைவில் முந்தாதீர்கள், நேர்வீதி வரும்வரை பின்னாலேயே ஊருங்கள்.

மாடுகளுக்கு இது எதுவும் பொருந்தாது. கழுத்து மணியோடு வெயில் சூட்டுத் தாரில் படுத்திருக்கும். கொழும்புக் கை நேரே ஹோர்னுக்குப் போகும். அடிக்காதீர்கள், எழும்பி ஓடினால் எந்தப் பக்கம் ஓடுமென்று தெரியாது. மேய்ச்சலுக்காக இந்த மலையில் பள்ளத்தாக்குகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு வாழ்ந்தவை. இன்றும் ஜூலை 13 அன்று பிரெஞ்சுப் பக்க பாரெதூஸ் பள்ளத்தாக்கு, ஸ்பெயின் பக்க ரொன்காலுக்கு மூன்று பசுக்களைக் கொடுக்கிறது. 1375இல் எழுதிய ஒப்பந்தம் அது. நாங்கள் பத்து நிமிடம் காத்திருக்கலாம்.

காஸோல், காஸோலினா, பசி

பிரான்ஸ் பெற்றோல் செட்டில் 'காஸோல்' என்றால் டீசல். ஸ்பெயினில் 'காஸோலினா' என்றால் பெற்றோல், 'காஸொலெயோ' டீசல். சொல்லை நம்பாமல் குழாயில் உள்ள குறியைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஈ5, ஈ10 பெற்றோல், சதுரத்துக்குள் பி7 டீசல். இரு நாட்டிலும் ஒன்றுதான். மலைக்கிராமச் செட்டுகளில் ஆள் இருக்கமாட்டார், கார்டும் பின் இலக்கமும்தான், எங்கள் கார்டை எல்லா மெஷினும் ஏற்காது. பாதித் தாங்கியில் நிரப்பிவிடுங்கள்.

பிரான்ஸ் மலைக்கிராமத்தில் பகல் சாப்பாடு 12 முதல் 2 வரை. இரண்டே காலுக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு என்றால் கடையும் பூட்டு. ஸ்பெயினில் அதே இரண்டு மணிக்குத்தான் மேசை விரிப்பார்கள். ஆகவே எல்லை கடக்கிற நாளில் பசியை அந்தப் பக்கத்துக்குத் தள்ளிப்போடலாம். சின்னப்பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷபெல்லில் வாங்கிய றோல்ஸும் அக்கா கட்டின புளிச்சோறும் இருந்ததால் எங்கள் வண்டிக்குள் சண்டை வரவில்லை.

கடைசியாக, மழையைக் கண்டு அறைக்குள் முடங்குகிற பிழை. அத்திலாந்திக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி பிரான்ஸ் பக்கமே மழையைக் கொட்டிவிடும், ஸ்பெயின் பக்கம் காய்ந்திருக்கும். தென்மேல் பருவத்தில் ஹற்றன் நனைய வெலிமடை காய்வது மாதிரி. கோடைப் பின்னேரத்து இடிமழை மட்டும் எந்தப் பக்கமென்று பார்க்காது, ஆகவே காலையில் கடந்துவிட வேண்டும். நாங்கள் ஒருநாள் முழுக்க முகிலைப் பார்த்தபடி கார்ட்ஸ் விளையாடினோம். சாயங்காலம் தங்குமிடத்து அம்மா தெற்கே கையைக் காட்டி, "சுரங்கத்தைத் தாண்டிப் போயிருக்கலாமே" என்றார். மறுநாளும் மழைதான். பியெல்சா சுரங்கத்துக்குள் வைப்பரைப் போட்டபடி நுழைந்தேன், மூன்று கிலோமீட்டர் இருட்டு. வெளியே வந்தபோது கண்கூசும் வெயில். நிறுத்த மறந்த வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கறகறவென்று தேய்த்துக்கொண்டிருந்தது. "இந்தமுறையும் சிக்னலா?" என்றார் அத்தான்.