வாழைப்பழத் தோலை வைத்துத் தண்ணீரில் உள்ள செம்பை எடுப்பது எப்படி?

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகள் உண்டு. அந்தத் தண்ணீரில் உலோகம் இருந்தால் எப்படி எடுப்பது என்று பள்ளி அறிவியல் விழாவுக்குத் தயாராகும் பிள்ளைகள் கேட்கிறார்கள், அதனால் வீட்டில் செய்து பார்த்ததை எழுதுகிறேன். 2011-இல் பிரேசில் ஆய்வாளர்கள், பரானா ஆற்று நீரில் இருந்த செம்பையும் காரீயத்தையும் வாழைப்பழத் தோல் பிடித்துக்கொள்வதைக் காட்டினார்கள். நாம் குட்டைக்குப் போக வேண்டாம், மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைத்த தண்ணீர் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தோலுக்குப் பீசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்) கடையில் கேளுங்கள். சின்னதாக நறுக்கி, கையால் ஒடித்தால் ஒடிகிற அளவுக்குக் காய வையுங்கள். தகரத்தில் மட்டும் பரப்பாதீர்கள், அதில் பூசியிருக்கும் துத்தநாகம் ஈரத் தோலில் ஏறிவிடும். எனக்கு மூங்கில் முறம்தான் பிடிக்கும். அரைத்த பொடியை வெந்நீரில் ஊற்றி ஊற்றி, பழுப்புச் சாயம் இறங்குவது நிற்கும் வரை அலசி, மறுபடி காய வையுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் மயில்துத்தம் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒரு லிட்டராக்குங்கள். லிட்டருக்குச் சுமார் 25 மில்லிகிராம் செம்பு இருக்கும்.

இனிமேல்தான் கவனம் தேவை. தண்ணீர் ரொம்பப் புளிப்பாக, அதாவது புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 3-க்குக் கீழே இருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் தோலில் இடம் பிடித்துக்கொள்ளும், செம்புக்கு இடம் கிடைக்காது. சரி என்று ஆப்பச் சோடாவை அள்ளிப் போட்டால், தோலே இல்லாமல் செம்பு தானாகப் படிந்துவிடும், நாமோ பொடி வேலை செய்தது என்று நம்பிவிடுவோம். அதனால் பிஎச் தாளில் பார்த்து 5 அளவில் நிறுத்துங்கள். கட்டாயம் இரண்டு போத்தல்: இரண்டிலும் அதே தண்ணீர் 100 மில்லி, ஒன்றில் மட்டும் 1 கிராம் பொடி. இரண்டையும் ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, ஒரே வகைத் துணியில் வடிகட்டுங்கள், ஏனென்றால் துணியும் கொஞ்சம் செம்பைப் பிடிக்கும். அப்புறம் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் செம்புச் சோதனைச் சொட்டுகளால் அளந்து பாருங்கள். அளவு எல்லை தாண்டினால் இரண்டையும் ஒரே விகிதத்தில் தண்ணீர் விட்டு அளக்க வேண்டும். இரண்டாவது போத்தல் இல்லாத முடிவை நான் ஏற்கவே மாட்டேன்.

பின்சேர்க்கை: ஆர்செனிக்குக்கும் இது ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. செம்பும் காரீயமும் நேர்மின்னேற்றம் கொண்டவை, அதனால் தோல் இழுக்கிறது. ஆர்செனிக் தண்ணீரில் அப்படி இருப்பதில்லை. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்றும் கேட்டார்கள். கூடவே கூடாது, காய்ச்சினாலும் உலோகம் போகாது. குடிநீரில் காரீயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதையெல்லாம் ஆய்வகத்தில்தான் அளக்க முடியும்.

செம்பு ஏறிய பொடியைச் செடிக்கோ கோழிக்கோ போடாதீர்கள், துத்தத் தண்ணீரையும் கால்வாயில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள போத்தலில் பெயர் எழுதிப் பள்ளி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள்.