லயத்து வீட்டிலிருந்து நிகழ்நிலை உளவளத்துணை பெறுவது எப்படி

கைத்தொலைபேசி வழியாக உளவளத்துணை (கவுன்சலிங்) பெற விரும்புகிறவருக்கு எல்லோரும் முதலில் சொல்வது எந்தச் செயலியைத் தெரிவு செய்வது என்பதைத்தான். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ பண்டாரவளைப் பக்கத்திலோ தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவருக்கு அது பிறகு பார்க்க வேண்டிய காரியம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மாமியாரும் கணவரும் பிள்ளைகளும் இருக்க, அடுத்த வீட்டில் இருமினாலும் இங்கே கேட்கும் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டுச் சண்டையைப் பற்றியே ஒருவர் எப்படிப் பேச முடியும்? ஆகவே, பேசுவதற்கான இடத்தையும் நேரத்தையும் முதலில் தேடிக்கொள்ளுங்கள்.

சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் எல்லோரும் கூடும் இடமாகவே இருக்கும். வீதி வளைவிலோ கோயில் திடலிலோ நின்று பேசினால், அன்று மாலைக்குள் செய்தி லயம் முழுக்கப் பரவிவிடும். அதற்காகத் தேயிலை மலைக்குள் தனியாக ஏறிப் பேசவும் நான் சொல்ல மாட்டேன். பகலில் குளவியும் இருட்டினால் சிறுத்தையும் இருக்கும் இடத்தில் மனம் திறந்து பேச்சு வராது. நம்பிக்கையான உறவினர் வீடு, பிள்ளைகள் போன பின் முன்பள்ளி ஆசிரியை திறந்து தரும் அறை, ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் டவுனுக்குப் போயிருக்கும் வேளையில் சொந்த வீடு ஆகியவை நடைமுறைக்கு ஒத்துவரும். பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்த உடனேயே நேரம் குறித்துக்கொள்ள வேண்டாம். சமையலும் பிள்ளைகளின் பாடமும் காத்திருக்கும்போது மனம் பேச்சில் நிற்காது.

இடம் எவ்வளவு முயன்றும் கிடைக்காவிட்டால், எழுத்து மூலம் உரையாடும் வசதி தரும் உளவளத்துணையாளரைத் தேடுங்கள். இயர்போன் போட்டுக்கொண்டால் எதிர்முனையில் பேசுபவரின் குரல் வெளியே கேட்காது. ஆனால் உங்கள் குரல் கேட்கும். அவர் குரலில் கேட்க, நீங்கள் தட்டச்சில் பதில் சொல்லும் கலப்பு முறையைப் பலர் ஏற்றுக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள். காணொளி அழைப்பு டேட்டாவை விரைவில் தின்றுவிடும். மழை நாளில் படம் உறைந்து நிற்கும். குரல் அழைப்புக்கு மிகக் குறைந்த டேட்டா போதும். அழைப்பு இடையில் அறுந்தால் யார் மீண்டும் எடுப்பது, பத்து நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டணம் என்னாவது என்பவற்றை முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள். மிக வேதனையான இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அழைப்பு அறுந்துபோவது சிறிய விஷயமல்ல.

வீட்டில் ஒரே கைத்தொலைபேசியைப் பலர் பாவிப்பதாயின், வாட்ஸ்அப்பில் குறித்த உரையாடலைப் பூட்டி வைக்கும் வசதியையும், குறிப்பிட்ட காலத்தின் பின் செய்திகள் தானாக மறையும் வசதியையும் பயன்படுத்தலாம். உளவளத்துணையாளர் தாமாக உங்களை அழைக்கக் கூடாது, ஒரு பொதுவான செய்தி அனுப்பி நீங்கள் பதில் எழுதிய பின்னரே அழைக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

யாரிடம் பேசுவது என்பதற்குக் காசு செலவழிக்காத வழிகளிலிருந்து தொடங்குவதே என் அபிப்பிராயத்தில் சரி. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் 1333, பெண்களுக்கான அரச உதவி இலக்கமான 1938, சிறுவர் தொடர்பான 1929 ஆகியவையும் உண்டு. இவை அவசர வேளைக்கும் முதல் பேச்சுக்கும் பயன்படும். வாரா வாரம் ஒரே நபருடன் பேச வேண்டுமானால், உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா, அவர் தொலைபேசியில் பேசுவாரா என்று விசாரியுங்கள்.

தனியாரிடம் போவதானால் காசு அனுப்புவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்: எங்கே, எவ்வளவு காலம் பயின்றார், அவருடைய வேலையை மேற்பார்வை செய்பவர் உண்டா, நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பார், எந்தச் சூழ்நிலையில் அதை வெளியே சொல்வார். உயிருக்கு ஆபத்து இருந்தாலோ பிள்ளையொன்று துன்புறுத்தப்பட்டாலோ இரகசியம் காக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்பவர் நேர்மையானவர். பத்து நாளில் கணவரைத் திருத்தித் தருகிறேன் என்பவரையும், மருத்துவராக இல்லாமலே மாத்திரை பெயர் சொல்பவரையும் விட்டுவிடுங்கள். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பேசுபவர் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம் மட்டும்) விழுந்தால் அந்த மாதச் சம்பளம் என்ன ஆகும், அதனால் அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. இதைச் சொன்னால் பொறுமையாகக் கேட்டு விளங்கிக்கொள்கிறாரா என்று முதல் பேச்சிலேயே கவனியுங்கள்.

முதற்செய்தியை எப்படி எழுதுவது என்று தெரியாமலேயே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். இவ்வளவு போதும்: "வணக்கம். எனக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். கணவர் கொழும்பில் கடை வேலையை விட்டு வந்த பிறகு வீட்டில் தினமும் வாக்குவாதம். நுண்கடன் தவணையும் நிற்கிறது. எனக்கு நித்திரை சரியில்லை, பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேசலாம். தயவுசெய்து முன்னறிவிப்பின்றி அழைக்க வேண்டாம்." பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அப்போதே எழுத வேண்டியதில்லை.

முதல் சந்திப்பு பெரும்பாலும் கேள்விகளிலேயே கழியும், அதைக் கண்டு மனம் சோர வேண்டாம். அடுத்த சந்திப்புக்கு முன், அந்த வாரத்தில் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பேச்சிலிருந்து சண்டை கிளம்பியது என்று ஒரு பழைய கொப்பியில் இரண்டு வரி எழுதி வையுங்கள். சம்பள நாளிலும் தவணைக்காரர் வரும் நாளிலுமே சண்டை வருகிறது என்று தெரிந்தால், பேச வேண்டிய பொருள் குணத்தைப் பற்றியதல்ல, பணத்தைப் பற்றியது என்பது இருவருக்கும் புலப்படும். உளவளத்துணையால் கடன் தீராது. ஆனால் கடனை மறைத்து வைத்திருப்பவர் அதைக் கணவரிடமோ மனைவியிடமோ எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதைப் பழகிக்கொள்ள அது உதவும்.

தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருக்க, பாட்டி பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு நிகழ்நிலை முறை உண்மையிலேயே பொருத்தமானது, ஏனெனில் வேறு எந்த வழியிலும் அந்தத் தாயை ஒரே பேச்சில் சேர்க்க முடியாது. இலங்கை நேரம் வளைகுடா நாடுகளை விட ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதைக் கணக்கில் எடுத்து, அவருடைய முதலாளி வீட்டு ஓய்வு நேரத்துக்கு ஏற்றபடி நாள் குறியுங்கள். பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சாக அது மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது உளவளத்துணையாளரின் பொறுப்பு. அவர் அதைச் செய்யாவிட்டால் நீங்கள் கேட்கலாம்.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தனியாக ஒரு முறையாவது பேச வேண்டும். வீட்டில் அடி உதை இருந்தால் சேர்ந்து பேசுவதே வேண்டாம், ஏனெனில் அழைப்பில் சொன்ன ஒரு வார்த்தைக்காக அது முடிந்த பின் அடி விழலாம். அத்தகையவர் 1938 இலக்கத்தில் தனியாகப் பேசுவது நல்லது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கவும் முடியும்.

சில வேளைகளில் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். நாள்தோறும் குடிப்பவர் உளவளத்துணையாளரின் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் குடியை நிறுத்தினால், கை நடுக்கம் தொடங்கி வலிப்பு வரைக்கும் போகக்கூடும், அதனால் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். பிள்ளை பிறந்த சில வாரங்களில் தாய் காரணமின்றி அழுதுகொண்டோ குழந்தையைத் தொட மனமின்றியோ இருந்தால், வீட்டுக்கு வரும் மருத்துவிச்சியிடம் உடனே சொல்லுங்கள். யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்பவரை டிக்கோயா, நுவரெலியா, பதுளை போன்ற ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது வெறும் மிரட்டல் என்று எண்ணித் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள களைநாசினியையும் மாத்திரைகளையும் அகற்றிவிட்டு 1926 இலக்கத்தை அழையுங்கள். ஏற்கெனவே எதையேனும் குடித்துவிட்டிருந்தால், கொஞ்சமும் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். போத்தலையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

மூன்று நான்கு சந்திப்புகளின் பின்னும் உளவளத்துணையாளர் நீங்கள் சொல்வதைக் கேட்காமல் அறிவுரையே சொல்லிக்கொண்டிருந்தால், அதை அவரிடமே நேராகச் சொல்லி வேறொருவரைப் பரிந்துரைக்கக் கேளுங்கள். மாறிப் போகும்போது, முன்னவர் எழுதிய குறிப்புகளைப் புதியவருக்கு அனுப்பலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர் நீங்கள்தான்.