வெள்ளரிப் பூவின் பாலைத் தீர்மானிக்கும் மரபணுவை வரைபடத்தில் பிடிப்பது எப்படி?

வெள்ளரியில் காய் என்பது பெண் பூவின் கணக்கு. ஒரு செடி ஆண் பூவாகவே தள்ளினால் எவ்வளவு உரம் வைத்தும் பயனில்லை. அதனால்தான் இனவிருத்தி செய்பவர்கள் பூவின் பாலை ஆளும் மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது, அதன் பக்கத்தில் எந்த டிஎன்ஏ மார்க்கர் (செடிக்குச் செடி வேறுபடும், அடையாளமாகப் பயன்படும் டிஎன்ஏ துண்டு) இருக்கிறது என்று தேடுகிறார்கள். மார்க்கர் கையில் இருந்தால் நாற்றிலேயே செடியைத் தரம் பிரித்துவிடலாம். முதன்முதலாக இதைச் செய்பவர்கள் ஆய்வகத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் வரைபடம் கெடுவது பெரும்பாலும் தோட்டத்தில், பூவை எண்ணும் இடத்தில்தான்.

எந்த மரபணுவில் தொடங்குவது

வெள்ளரிக்கு 7 ஜோடிக் குரோமோசோம்கள். எஃப் என்ற மரபணு 6-ஆம் குரோமோசோமில் உள்ளது. அது செடியை முழுப்பெண்ணாக்கும். எம் என்ற மரபணு 1-ஆம் குரோமோசோமில் உள்ளது. பெண் மொட்டுக்குள் எத்திலீன் உண்டாக்கி மகரந்தத் தாள்களை வளரவிடாமல் தடுப்பது அதன் வேலை. எம் பழுதானால் பெண் பூ வர வேண்டிய இடத்தில் இருபால் பூ வரும்.

புதியவர்கள் எம்மில் தொடங்குங்கள். எஃப்பின் வெளிப்பாடு வெயிலுக்கும் பகல் நீளத்துக்கும் ஏற்ப ஆடும். மதுரைச் சித்திரை வெயிலில் எஃப்பின் ஒரு நகல் மட்டும் உள்ள செடிகள் ஆண் பூவாகக் கொட்டி, கணக்கையே குழப்பிவிடும். இருபால் பூவோ வெயிலிலும் இருபால் பூதான்.

பெற்றோர்

தாய்: ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும் வழி (தலைமுறைதோறும் இயல்பு மாறாத விதை வரிசை). தந்தை: ஆண் பூவும் இருபால் பூவும் வரும் வழி. இரண்டிலும் எஃப் இருக்கக் கூடாது. தாயைத் தலைகீழாக மாற்றாதீர்கள். இருபால் பூவைத் தாயாக்கினால் மொட்டிலேயே மகரந்தத் தாள்களை நீக்க வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. கோடையில் மதுரைத் தெருக்களில் விற்கும், பழுத்தால் வெடிக்கும் வெள்ளரிப்பழம் நம் வெள்ளரி இனமே அல்ல. அது முலாம்பழத்தின் உறவு. 12 ஜோடிக் குரோமோசோம்கள். அதிலும் இருபால் பூ வரும் என்பதால் தந்தையாக எடுக்கத் தோன்றும். கலப்பு விதை கிடைக்காது.

கலப்பு

மறுநாள் மலரப்போகும் பெண் மொட்டையும், தந்தைச் செடியின் ஆண் மொட்டையும் மாலையிலேயே நூலாலோ கிளிப்பாலோ மூடிவிடுங்கள். காலை 6 முதல் 9 மணிக்குள் இரண்டு மூன்று ஆண் பூக்களின் இதழை நீக்கிச் சூல்முடியில் தடவி, மறுபடி மூடி, தேதி எழுதிய அட்டை கட்டுங்கள். காய் 35 முதல் 45 நாளில் மஞ்சளாகி முற்றும். பறித்து ஒரு வாரம் நிழலில் வைத்த பின் விதையெடுத்து, ஒரு நாள் புளிக்கவைத்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். இப்படி வரும் முதல் தலைமுறைச் செடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வர வேண்டும். இருபால் பூ வந்தால் அது கலப்பு விதை அல்ல, பிடுங்கிவிடுங்கள். நல்ல ஒரு செடியின் ஆண் பூவை அதே செடியின் பெண் பூவுக்குத் தொட்டு எஃப்2 (இரண்டாம் தலைமுறை; எஃப் மரபணு அல்ல) விதை எடுங்கள்.

பின்னாளில் முழுப்பெண் வழியில் வேலை செய்யும்போது ஆண் பூ வரவழைக்க, இரண்டு இலைப் பருவத்தில் சில்வர் நைட்ரேட் தெளிப்பார்கள், லிட்டருக்கு 0.25 முதல் 0.3 கிராம். வடிநீரில் மட்டுமே கரையுங்கள். நம் பக்கத்து உப்பான போர்த் தண்ணீரில் வெள்ளி, குளோரைடுடன் சேர்ந்து வெண்மையாகப் படிந்துவிடும், தெளித்தும் பலனிருக்காது. கையுறை அவசியம்.

எஃப்2 நடவும் பூ எண்ணுவதும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மார்கழியில் விதையுங்கள். 160 முதல் 200 எஃப்2 செடிகள், கூடவே பெற்றோரும் முதல் தலைமுறையும் பத்துப் பத்து. பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் ஏற்றுங்கள். எத்ரல் போன்ற வளர்ச்சி ஊக்கி எதுவும் வேண்டாம்; அது பெண் பூவைக் கூட்டி இயல்பை மறைத்துவிடும். ஒவ்வொரு செடிக்கும் அடியில் ஒன்று, கயிற்றில் ஒன்று என இரண்டு அட்டை.

முதல் கணுவிலிருந்து 25-ஆம் கணு வரை, ஒவ்வொரு கணுவிலும் என்ன பூ என்று எழுதுங்கள். இருபால் பூவை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லாதீர்கள். இதழை விலக்கினால் சூல்முடியும் மகரந்தத் தாள்களும் சேர்ந்தே இருக்கும்; பிஞ்சும் நீளமாக இல்லாமல் உருண்டையாகத் தெரியும். கீழ்க் கணுக்களில் எல்லாச் செடியும் ஆண் பூவைத்தான் தரும். எனவே பத்தாம் கணுவில் முடிவெழுதுவது தவறு. 25 கணு தாண்டியும் ஆண் பூ மட்டுமே இருந்தாலோ, வைரஸ் தாக்கிச் செடி நின்றுவிட்டாலோ, 'தகவல் இல்லை' என்று எழுதுங்கள். ஊகம் வேண்டாம்.

விகிதச் சோதனை

எதிர்பார்ப்பது 3:1, அதாவது ஆண், பெண் பூ தனித்தனியாக வரும் (தனிப்பூ) செடி மூன்றுக்கு இருபால் செடி ஒன்று. உதாரணத்துக்கு 160 செடிகளில் 114 தனிப்பூ, 46 இருபால் என்று வைப்போம். எதிர்பார்த்தது 120, 40. கை-வர்க்கம் (எண்ணியதும் எதிர்பார்த்ததும் எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு): 36/120 + 36/40 = 1.2. எல்லை 3.84, அதற்குக் கீழே இருப்பதால் ஒற்றை மரபணு என்று கொள்ளலாம். எல்லை தாண்டினால் முதலில் பூக் கணக்கைச் சந்தேகியுங்கள்.

டிஎன்ஏவும் மார்க்கரும்

இளம் இலை 100 மில்லிகிராம், 2 சதவீத சிடேப் (டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க உதவும் வேதிப்பொருள்) கரைசல், 65 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு குளோரோஃபார்ம், ஐசோபுரோப்பனால், 70 சதவீத எத்தனால். வழக்கமான முறைதான்.

அடுத்து, பெற்றோர் இருவரிலும் பட்டை (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) வேறுபடும் எஸ்எஸ்ஆர் மார்க்கர்களை (சிறு டிஎன்ஏ எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்) தேடுங்கள். வெள்ளரியின் மரபுப் பரப்பு குறுகலானது. பல மார்க்கர்கள் இருவரிலும் ஒரே பட்டையைத்தான் காட்டும். பொறுமை வேண்டும்.

பிறகு இருபால் செடி பத்தின் டிஎன்ஏவைச் சம அளவில் ஒரு குழாயிலும், தனிப்பூச் செடி பத்தின் டிஎன்ஏவை இன்னொன்றிலும் கலந்து ஓட்டுங்கள். எம்முக்கு அருகிலுள்ள மார்க்கர், இருபால் குழாயில் தந்தையின் பட்டையை மட்டும் காட்டும். நெருக்கம் குறைந்தால் தாயின் பட்டை மங்கலாகத் தெரியலாம். தனிப்பூக் குழாயில் இரண்டு பட்டையும் வரும். அங்கே தாயின் பட்டை மட்டுமே வர வேண்டும் என்று எதிர்பார்த்து நல்ல மார்க்கரைத் தள்ளிவிடாதீர்கள். தனிப்பூச் செடிகளில் மூன்றில் இரண்டு பங்கு, தாய் தந்தை இருவரின் நகலும் கொண்ட கலப்பு வடிவம்தான்.

தூரம்

மென்பொருளுக்கு முன் கையால் ஒருமுறை போடுங்கள். மேலே சொன்ன 46 இருபால் செடிகளில், எம் இருக்கும் 1-ஆம் குரோமோசோம் செடிக்கு இரண்டு வீதம் மொத்தம் 92. நெருங்கிய மார்க்கரில் எல்லாச் செடியும் தந்தையின் பட்டையை மட்டும் காட்ட வேண்டும். நான்கு செடிகளில் இரண்டு பட்டையும் வந்தால் 4/92, அதாவது சுமார் 4 சென்டிமார்கன் (மரபணுத் தூர அலகு; நூறில் ஒன்று மாறினால் சுமார் 1). ஒரு செடி தாயின் பட்டையை மட்டும் காட்டினால், இவ்வளவு நெருக்கத்தில் அது பெரும்பாலும் அட்டை மாறியதோ குழாய் மாறியதோதான்; இரண்டாம் அட்டையைப் பார்த்து இலையை மறுபடி எடுங்கள்.

அதன்பின் எல்லாச் செடிகளின் பட்டைகளையும் ஆர்/கியூடிஎல் போன்ற இலவச மென்பொருளில் இட்டு, லாட் மதிப்பு (இரண்டு இடங்கள் இணைந்திருப்பதற்கான சான்றின் அளவு) 3, கொசாம்பி சூத்திரம் (மாறிய விகிதத்தைத் தூரமாக்குவது) என்று அமைத்து வரைபடம் எடுங்கள். எம்முக்கு இருபுறமும் ஒவ்வொரு மார்க்கர் கிடைக்கும்வரை தேடுங்கள். ஒருபுறம் மட்டும் இருந்தால் நாற்றுத் தேர்வில் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) கண்ணுக்குத் தப்பும். இருபுறமும் தந்தையின் பட்டையை மட்டும் காட்டும் நாற்றுகளை ஓரிரு இலைப் பருவத்திலேயே கழித்துவிடலாம்.